மூக்கடைப்பும் வேதுப்பானையும்

தமிழ்நாட்டு வீடுகளில் மூக்கடைப்புக்கும் தலைபாரத்துக்கும் செய்யப்படும் கைவைத்தியம் பாட்டிமார் வழியாகப் பல நூற்றாண்டுகள் மாறாமல் வந்தது என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை. ஆவி பிடித்தல், புகை முகர்தல், நெற்றியில் பற்றுப் போடுதல், மூக்கில் இலைச்சாறு விடுதல் ஆகிய முறைகள் சித்த மருத்துவ நூல்களிலும் அவற்றுக்கு முற்பட்ட வடமொழி மருத்துவ நூல்களிலும் தெளிவாகக் காணப்படுபவை. ஆனால் இன்று அம்முறைகளுக்குள் புழங்கும் பொருள்களில் முதன்மையான யூகலிப்டஸ் தைலமும் மென்தாலும் டப்பியில் அடைத்த பாமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன் எந்தத் தமிழ் வீட்டிலும் இருந்திருக்க இயலாதவை. முறை பழையதாக நிற்க, அதனுள் இடப்படும் சரக்கு மட்டும் காலந்தோறும் மாறிவந்துள்ளது என்பதும், அம்மாற்றத்துக்குக் காரணம் மருத்துவ ஆராய்ச்சியைவிடக் கப்பல் வணிகமும் காலனி ஆட்சியின் விறகுத் தேவையும் என்பதும் இந்த எளிய வைத்தியத்தின் வரலாற்றை ஊன்றிப் பார்ப்பவருக்குப் புலப்படும்.

சித்த மருத்துவம் மருந்துகளை உள்ளுக்குக் கொடுக்கும் அக மருந்து, மேலுக்குப் பயன்படுத்தும் புற மருந்து என இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 32 வகைகளைச் சொல்கிறது. புற மருந்துகளுள் தலைக்கும் மூக்கிற்கும் உரியவையாகக் குறைந்தது ஆறு வகைகளைக் காட்டலாம். கொதிக்கும் மருந்து நீரின் ஆவியை முகத்திலோ உடலிலோ ஏற்பது வேது. இலைச்சாற்றையோ தைலத்தையோ துளித்துளியாக மூக்கில் விடுவது நசியம். மூலிகையை மென்று மூச்சுடன் செலுத்துவது ஊதல். நுண்ணிய பொடியை மூக்கினுள் இடுவது நாசிகாபரணம். இவற்றோடு சரக்கை எரித்து எழுப்பும் புகையும், அரைத்த மருந்தைச் சூடாக்கித் தடிப்பாகப் பூசும் பற்றும் சேர்கின்றன. இத்தனை நுட்பமாக வழிகளை வகுத்த மரபு, நோயையும் அதே நுட்பத்தோடு வகுத்தது. மூக்கில் நீர் வடிதல், அடைப்பு, தும்மல், நெற்றிவலி, நாற்றமுள்ள சளி ஆகியவை சேர்ந்த நோய்த்தொகுதி பீனிசம் எனப்பட்டது. யூகி வைத்திய சிந்தாமணி அதனை வகை பிரித்துக் குறிகுணங்களோடு விளக்குகிறது. சரக சம்ஹிதையும் சுசுருத சம்ஹிதையும் இதே துன்பத்தைப் பிரதிச்யாயம் என்றும் பீனசம் என்றும் வழங்கின. மூக்கின் வழியாக மருந்து செலுத்தும் நஸ்யம், உடலைத் தூய்மை செய்யும் ஐந்து கருமங்களுள் ஒன்றாக ஆயுர்வேதத்தில் வைக்கப்பட்டது.

நூல்கள் ஐயம், அதாவது கபம், மிகுந்ததன் விளைவாகப் பீனிசத்தைக் கண்டபோது, ஊர்வழக்கு அதனைத் தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று விளக்கிக்கொண்டது. ஈரத்தலையோடு உறங்கினால், பனியில் நடந்தால், எண்ணெய் தேய்த்துக் குளித்தபின் தலையை நன்கு துவட்டாவிட்டால் நீர் தலைக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது என்பதே அந்த விளக்கம். குழந்தையைத் தலைக்குக் குளிப்பாட்டியவுடன் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கமும், மஞ்சள் முதலிய சரக்குகள் சேர்த்துச் செய்யப்படும் நீர்க்கோவை மாத்திரையை வெந்நீரில் இழைத்து நெற்றியிலும் மூக்கின் இருபுறத்திலும் பற்றிடும் வழக்கமும் இவ்விளக்கத்தின்மீதே நிற்கின்றன. இன்றைய உடற்கூற்றியல் காட்டும் படம் வேறு. முகவெலும்புகளுக்குள் நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன; சைனஸ் எனப்படுபவை இவையே. அவற்றின் குறுகிய வாய்கள் மூக்கினுள் திறக்கின்றன. சளி பிடிக்கும்போது மூக்கின் உட்புறச் சவ்விலும் பக்கச்சுவரிலுள்ள சுருளெலும்புகளைப் போர்த்தியிருக்கும் திசுவிலும் இரத்தக் குழாய்கள் விரிந்து வீங்குவதால், காற்றுப்பாதை சுருங்கி, அந்த வாய்களும் மூடிக்கொள்கின்றன. அடைப்புக்குச் சளியைவிட வீக்கமே பெரிய காரணம். ஆயினும் மூடிய அறைக்குள் சுரப்பு தேங்கிக் கனக்கிறது என்ற அளவில், நீர் கோத்தல் என்னும் ஊர்விளக்கம் முற்றும் தவறிவிடவில்லை.

வேது பிடிக்கும் முறை மாவட்டத்துக்கு மாவட்டம் சிறிது வேறுபட்டாலும் அதன் அடிப்படை ஒன்றே. அகன்ற வாயுள்ள மண்பானையில் நொச்சி, வேம்பு, துளசி, எலுமிச்சை போன்ற, வேலியிலும் கொல்லையிலும் கிடைக்கும் இலைகளை இட்டு, நீர் தளதளவென்று கொதிக்கும்வரை மூடிவைத்து, பிறகு இறக்கி, நோயாளியை அதன் முன் உட்காரவைத்துக் கம்பளியாலோ கனத்த போர்வையாலோ பானையோடு சேர்த்து மூடுவர். நீர் ஆறத் தொடங்கினால், அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய செங்கல் துண்டை அதில் போட்டு ஆவியை மறுபடி எழுப்பும் வழக்கமும் உண்டு. மஞ்சள் தூளை ஒரு கை அள்ளிப் போடுவது பிற்காலத்தில் நகர்ப்புறத்தில் இலைக்கு மாற்றாக வலுப்பெற்றது. இலை கிடைக்காத வீட்டிலும் அஞ்சறைப் பெட்டியில் மஞ்சள் கிடைக்கும் என்பதே அதற்குப் போதிய காரணம்.

இந்த இலைகளுள் நொச்சிக்குத் தனி இடம் உண்டு. ஆற்றங்கரையிலும் வரப்பிலும் தானாக வளரும் இச்செடியின் இலை கசக்கினாலே காரமான மணம் வீசும். அதனை ஆவியில் இடுவதோடு, உலர்த்தித் தலையணைக்குள் பஞ்சுக்குப் பதிலாக அடைத்துப் படுப்பதும் தலைபாரத்துக்குரிய வைத்தியமாக இருந்தது. சங்க காலப் புறத்திணையில் அரணைக் காப்போர் சூடிய பூ நொச்சி. களத்தில் எதிர்நின்று பொருவோர் சூடிய பூ தும்பை. அதே தும்பையின் பூவையும் இலையையும் கசக்கிப் பிழிந்த சாறுதான் மூக்கடைப்புக்கு நசியமாகத் துளிகள் விடப்பட்டது. போர்த்திணைகளுக்குப் பெயர் தந்த இரு செடிகளும் பிற்காலத்தில் சளிக்கு மருந்தாகவே மிகுதியும் அறியப்பட்டன என்பது இலக்கிய வரலாறு எழுதுவோர் கவனிக்காமல் விட்ட ஒரு சிறு விநோதம்.

பானையும் போர்வையும் தேவைப்படாத சிறு வைத்தியங்களும் இருந்தன. விரலி மஞ்சளின் நுனியை எண்ணெயில் தோய்த்து விளக்குச் சுடரில் காட்டி, கருகும்போது எழும் புகையை ஒரு மூக்குத்துளையால் உள்ளிழுப்பது அவற்றுள் ஒன்று. கண்ணில் நீர் பெருகுமளவு காரமான அந்தப் புகை தும்மலைத் தூண்டித் தேங்கிய சளியை வெளியேற்றியது. ஓமத்தையோ கருஞ்சீரகத்தையோ வெறும் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து அவ்வப்போது முகர்வது மற்றொன்று. ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால் என்னும் பொருளை நாட்டுமருந்துக் கடைக்காரர்கள் ஓம உப்பு என்று விற்றனர். உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகளில் சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்த திரிகடுகம் எல்லாவற்றுக்கும் மேலாக நின்றது. பதினெண்கீழ்க்கணக்கில் நல்லாதனார் தம் நூலுக்கு இம்மருந்தின் பெயரையே இட்டார் என்பதிலிருந்து, அந்தக் காலத்திலேயே அதனை விளக்கத் தேவையில்லாத அளவுக்கு மக்கள் அறிந்திருந்தனர் எனக் கொள்ளலாம். மிளகாயோ பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சமையலில் மிளகின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்ட அதனால், சளி ரசத்தில் மட்டும் மிளகை அசைக்க முடியவில்லை.

வெளியிலிருந்து வந்த சரக்குகளுள் மூத்தது கற்பூரம். இன்று பச்சைக் கற்பூரம் எனப்படும் பழைய கற்பூரம் சுமத்திராவிலும் போர்னியோவிலும் வளரும் பெருமரம் ஒன்றின் உட்பிளவுகளில் படிகமாகக் கிடைப்பது. சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூஸ் துறைமுகம் அதற்கு உலகப் புகழ் பெற்றிருந்தது. அத்துறைமுகத்தையொட்டிய லோபு துவாவில் கிடைத்த, பொது ஆண்டு 1088ஐச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கே நிலைகொண்டிருந்ததைக் காட்டுகிறது. கோயில் அபிடேகத்துக்கும் வெற்றிலைச் சுருளுக்கும் வாங்கப்பட்ட அந்த விலையுயர்ந்த பொருள் ஏழை வீட்டு மூக்கடைப்புக்குப் பயன்பட்டிருக்கும் என்று எண்ண இடமில்லை. கற்பூரம் மலிவானது மிகப் பின்னரே: கிழக்காசியக் கற்பூர மரத்தின் கட்டையைச் சீவிக் காய்ச்சி எடுக்கும் வேறு வகை சந்தையை நிறைத்தது, 1895இல் தைவானைக் கைப்பற்றிய ஜப்பான் 1899இல் அங்குக் கற்பூரத்தை அரசின் ஏகபோகமாக்கியது, இருபதாம் நூற்றாண்டில் டர்பென்டைனிலிருந்து செயற்கைக் கற்பூரம் செய்யும் முறை பரவியபின் சூடம் கட்டி எல்லாப் பெட்டிக்கடையிலும் கிடைத்தது. சூடத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துச் சூடாக்கிக் குழந்தையின் நெஞ்சில் தேய்க்கும் வழக்கத்தை இந்த மலிவோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கற்பூரம் சிறு அளவில் வயிற்றுக்குள் சென்றாலும் பச்சிளங்குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கவல்லது என்பதால், குழந்தை மருத்துவர்கள் இவ்வழக்கத்தை இன்று தடுக்கின்றனர்.

யூகலிப்டஸின் கதை முற்றிலும் வேறு வகையானது. மருந்துக்காக அம்மரத்தைத் தமிழ்நாட்டுக்கு எவரும் கொண்டுவரவில்லை. டாஸ்மானியாவிலும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலும் இயல்பாக வளரும் இம்மரத்தின் கன்றுகள் 1843இல், சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் காட்டன் வழியாக நீலகிரிக்கு வந்தன என்பது மாவட்ட வரலாறுகள் தரும் செய்தி. உதகமண்டலத்தில் குடியேறிய ஆங்கிலேயர்களின் கணப்பு அடுப்புகளும் வெல்லிங்டன் படைவீடும் சோலைக்காடுகளை விறகாக விழுங்கிக்கொண்டிருந்த நிலையில், விரைவாக வளரும் ஒரு மரம் தேவைப்பட்டது. 1860களில் அரசே தோட்டங்களை உருவாக்கத் தொடங்கியது. இலையிலிருந்து எண்ணெய் காய்ச்சும் தொழில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1852இல் ஜோசப் பாசிஸ்டோ என்னும் மருந்தாளுநரால் தொடங்கப்பட்டிருந்தது. நீலகிரியில் அத்தொழில் சிறுகுடிசைகளுக்குள் வேரூன்றியது. உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிவந்து பெரிய கலத்தில் அடைத்து, நீர்விட்டுக் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிர்ந்த குழாயில் செலுத்தினால், நீரின்மேல் எண்ணெய் மிதந்து நிற்கும். காய்ச்சித் தீர்ந்த இலைச்சக்கையே அடுத்த அடுப்புக்கு எரிபொருளாகும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் சாலையின் ஓரங்களில் கண்ணாடிக் குப்பிகளாக விற்கப்பட்ட அந்த எண்ணெய்க்கு நீலகிரித் தைலம் என்னும் பெயர் நிலைத்தது. இதில் முதன்மையாக உள்ள சினியோல் என்னும் வேதிப்பொருள் எளிதில் ஆவியாகி மூக்கினுள் குளிர்ந்த உணர்வைத் தருவது. பானை நிறைய இலை போட்டுப் பெற்ற மணத்தை இரண்டு துளியில் அது தந்துவிட்டதால், நொச்சி வேலியிலேயே நின்றுவிட்டது. மலை உச்சிக்கு விறகாக வந்த மரம் இரண்டு தலைமுறைக்குள் பாட்டி வைத்தியமானது. சோலைகளும் புல்வெளிகளும் அதற்குக் கொடுத்த விலை இன்றளவும் சூழலியலாளர் கவலையாகத் தொடர்கிறது.

மென்தாலை, ஹாலந்தைச் சேர்ந்த காபியஸ் 1771இல் புதினா எண்ணெயிலிருந்து பிரித்துக் காட்டியபோதும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானியப் புதினாவின் படிகங்கள் உலகச் சந்தைக்கு வந்தபின்னரே அது மலிவான சரக்காயிற்று. தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் புதினா உப்பு என்று வழங்கிய அந்தப் படிகத்தையும் கற்பூரத்தையும் ஓம உப்பையும் ஒரே குப்பியில் இட்டுக் குலுக்கினால், மூன்று திடப்பொருள்களும் நீர்விடாமலேயே உருகித் திரவமாகிவிடும். உருகுநிலை ஒன்றையொன்று தாழ்த்துவதால் நேரும் இந்த விளைவு, பார்ப்பவரை மயக்கும் ஒரு வித்தையாகவும், சொந்தமாகத் தைலம் செய்யும் எளிய வழியாகவும் அமைந்தது.

இந்த மூன்று சரக்குகளின் சேர்க்கையில்தான் டப்பி மருந்துகளின் காலம் பிறந்தது. ஆந்திரத்தைச் சேர்ந்த காசிநாதுனி நாகேசுவர ராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கி, இசைக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துப் பரப்பினார் என்பர்; அதில் ஈட்டிய பொருளைக் கொண்டு ஆந்திர பத்திரிகா இதழை நடத்திய அவர், 1914இல் இதழையும் தொழிலையும் சென்னைக்கு மாற்றினார். மயிலாப்பூர் லஸ்ஸில் உள்ள பூங்கா இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மஞ்சள் நிற பாம் சென்னையில் பரவிய அதே காலத்தில், கீழ்க்கடல் துறைமுகங்களிலும் ஒத்த முயற்சிகள் நடந்தன. ரங்கூனில் மருந்துக்கடை வைத்திருந்த சீனரான ஆவ் சூ கின்னின் மக்கள் புலி முத்திரை பாமை 1926இல் சிங்கப்பூருக்குக் கொண்டுசென்றனர். 1928இல் அதே நகரில் லியூங் யுன் சீ கோடாலிப் படம் பொறித்த புட்டியில் தைலத்தை விற்கத் தொடங்கினார். சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்ற ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறிப் போன தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டத்தினர் திரும்பிவரும்போது பெட்டியில் கைலி, சென்ட்டு ஆகியவற்றோடு இப்புட்டிகளையும் அடுக்கிக் கொண்டுவந்து உறவினர்க்குப் பங்கிட்டனர். எழுதப்பட்ட பெயரை எவரும் படிக்கவில்லை; படத்தைப் பார்த்துக் கோடாலித் தைலம் என்றனர். அக்கரையில் உறவினர் இருப்பதற்கு அந்தப் புட்டி ஓர் அடையாளமாகவும் ஆயிற்று.

அமெரிக்காவின் வட கரோலினாவில் லன்ஸ்ஃபோர்டு ரிச்சர்ட்சன் என்னும் மருந்தாளுநர் 1890களில் உருவாக்கிய விக்ஸ் களிம்பு, 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயின்போது அந்நாட்டில் பெருவிற்பனை கண்டது. இந்தியாவில் அதனைச் செய்த ரிச்சர்ட்சன் ஹிந்துஸ்தான் நிறுவனம் 1964இல் அமைந்தது. நவீன மருந்தாகப் பதிவு பெற்றிருந்ததால் விலைக் கட்டுப்பாட்டுக்குள்ளும் மருந்துக் கடைகளுக்குள்ளும் அடைபட்டிருந்த அக்களிம்பை, அதன் சரக்குகள் மரபு மருத்துவத்தில் இடம்பெற்றவை என்ற அடிப்படையில் ஆயுர்வேத மருந்தாக மறுபதிவு செய்த வரலாற்றை அந்நிறுவனத்தின் தலைவராக இருந்த குருசரண் தாஸ் பின்னாளில் எழுதியுள்ளார். அதன்பின் அது மளிகைக் கடையிலும் பெட்டிக்கடையிலும் தடையின்றி விற்கப்பட்டது. ஆஸ்திரேலிய மரத்தின் எண்ணெயும் அமெரிக்கக் கடைக்காரரின் செய்முறையும் சட்டப்படி இந்திய மரபாயின. வீடுகள் அதனைச் சட்டத்துக்கு முன்பே அவ்வாறு ஏற்றுக்கொண்டிருந்தன.

இம்மருந்துகள் உண்மையில் என்ன செய்கின்றன என்ற வினாவுக்கு விடை தேடியது பெரும்பாலும் ஐரோப்பிய மருத்துவம். இங்கிலாந்தின் பிளிமத் நகர மருத்துவர் ஜான் மட்ஜ் 1778இல், மூடியில் குழாய் பொருத்திய வெள்ளீயக் குவளை ஒன்றை ஆவி பிடிக்கும் கருவியாக அறிமுகம் செய்தார். இரண்டு நூற்றாண்டுக்குப் பின், சால்ஸ்பரியிலிருந்த சளி ஆராய்ச்சி நிலையத்தின் டேவிட் டிரெல் குழுவினர் 43 பாகை வெப்பமுள்ள ஈரக்காற்றை 20 நிமிடம் செலுத்தினால் சளியின் தொல்லைகள் பாதியாகக் குறைவதாக 1989இல் அறிவித்தனர்; ஆனால் தொடர்ந்து அமெரிக்காவில் நடந்த சோதனைகள் அதனை உறுதிசெய்யவில்லை. எல்லாச் சோதனைகளையும் ஒருசேர மதிப்பிட்ட காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, ஆவியால் நிலையான பயன் உண்டென்றோ இல்லையென்றோ தீர்த்துச் சொல்லச் சான்று போதவில்லை என்றே முடித்தது. தைலங்களைப் பொறுத்தவரை முடிவு இன்னும் வியப்பானது. கார்டிஃபில் ரான் எக்கிள்ஸ் குழுவினர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், கற்பூரம், யூகலிப்டஸ், மென்தால் ஆகியவற்றின் ஆவியை முகர்ந்தவர்களின் மூக்கில் காற்று செல்வதற்கான தடை சிறிதும் குறையவில்லை. மூக்கு திறந்துவிட்டது என்ற உணர்வு மட்டும் அவர்களுக்கு வலுவாக ஏற்பட்டது. 2002இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியான் ஆகியோரின் ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே இதன் காரணத்தைக் கண்டன: குளிரை உணரும் நரம்பு முனைகளில் உள்ள ஒரு புரதத்தையே மென்தாலும் தூண்டுகிறது, குளிர்காற்று தாராளமாக உட்புகுவதாக மூளை அதனைப் புரிந்துகொள்கிறது. இவ்விருவரும் 2021இல் நோபெல் பரிசு பெற்றனர். உணர்வு மட்டுமே என்பதால் பயனற்றது என்று தள்ளிவிடுவதும் சரியாகாது. மூக்கடைப்பின் துன்பத்தில் பெரும்பங்கு, மூச்சு முட்டுகிறது என்ற அந்த உணர்வுதான்.

ஆய்வுகள் மிகுந்த ஆதரவு தரும் முறை, தமிழ் வீடுகளில் மிகக் குறைவாகப் புழங்கியது என்பது இவ்வரலாற்றின் ஒரு முரண். இளஞ்சூடான உப்புநீரை ஒரு மூக்குத்துளையில் விட்டு மறு துளை வழியே வடியவிடும் நேதி, நாட்பட்ட சைனஸ் அழற்சிக்கு உதவுவதாகப் பல சோதனைகள் காட்டுகின்றன. பதினைந்தாம் நூற்றாண்டின் ஹடயோகப் பிரதீபிகை, நூலிழையால் செய்யும் நேதியைப் பேசுகிறது. நீர் நேதி யோகப் பயிற்சி பெறுவோருக்குள்ளேயே நெடுங்காலம் அடங்கியிருந்து, இருபதாம் நூற்றாண்டில் யோகப் பள்ளிகள் வழியாகவே வெளியே பரவியது. காய்ச்சி ஆறவைத்த நீரையே அதற்குப் பயன்படுத்த வேண்டும். காய்ச்சாத குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தாக்கும் அமீபாவால் 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் இறந்தனர்.

கொரோனா காலத்தில் சித்த மருத்துவத்தின் கபசுரக் குடிநீரைத் தமிழக அரசு 15 சரக்குகள் கொண்ட சூரணமாக, குறித்த அளவோடு, கொள்முதல் செய்து வழங்கியது. வேது அத்தகைய திட்டம் எதிலும் அடங்கவில்லை. அதனைப் பொட்டலம் கட்ட இயலாது. எனினும் 2021 மே மாதத்தில் அது போர்வையை விட்டு வெளியேறியது. பொது இடங்களிலும் வாகனங்களிலும் குழாய்கள் பொருத்திப் பலர் வரிசையாக ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் தமிழக நகரங்களில் தோன்றியபோது, ஒருவர் மூச்சிலிருந்து மற்றவருக்குத் தொற்று பரவும் என்பதால் அவற்றைத் தவிர்க்குமாறு மாநிலச் சுகாதாரத் துறை கேட்டுக்கொண்டது. வீட்டுக்குள்ளும் ஆபத்து இல்லாமலில்லை: குழந்தையை மடியில் வைத்துப் போர்வைக்குள் மூடும்போது பானை கவிழ்ந்து ஏற்படும் கொதிநீர்ப் புண்கள் தீக்காயப் பிரிவுகளுக்குப் புதியவையல்ல. மின்சாரத்தால் இயங்கும் நெகிழிக் குடுவை பல வீடுகளில் பானையின் இடத்தைப் பிடித்துள்ளது. அதனோடு சேர்த்து மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஆவி மாத்திரைக்குள் இருப்பவை கற்பூரமும் மென்தாலும் யூகலிப்டஸ் எண்ணெயின் சாரமும், நொச்சியில்லை.